பந்தும் பந்தியும்

சில மாதங்களுக்கு முன் பந்திங்கை அடுத்த ஒரு பழைய தோட்டத்துத் திடலில், பிள்ளைகளுக்காக நடைபெற்ற விளையாட்டுப் போட்டியின் பரிசளிப்பு விழாவுக்கு நாம் போயிருந்தோம். ரப்பர் மரம் நின்ற இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. லயங்களில் பெரும்பாலானவை இடிந்தும் இடிக்கப்பட்டும் போயின. எனினும் தோட்டத்தைவிட்டு வெளியேறி நகரத்து அடுக்குமாடிகளில் குடியேறியவர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் பழைய கோயிலையும் பழைய திடலையும் தேடி வருகிறார்கள். அன்று விழாவிலே பேசிய பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்கு நல்லெண்ணத்துடனேயே ஒரு புத்திமதி கூறினார். திறமையைக் காட்டுங்கள், காட்டிவிட்டால் பிறகு உங்களை எவரும் ஜாதி கேட்கமாட்டார், குலம் கேட்கமாட்டார், உங்கள் தகப்பனார் மரம் சீவினாரா மாடு மேய்த்தாரா என்றும் கேட்கமாட்டார் என்பது அவர் பேச்சின் சாரம். கூட்டம் கைதட்டிற்று. நாமும் தட்டினோம்.

கூட்டம் முடிந்து சாப்பாடு தொடங்கிற்று. பரிசு பெற்ற பிள்ளைகளும் வெளியூர் விருந்தினரும் முதற்பந்தியில் உட்காரவைக்கப்பட்டார்கள். மற்றப் பிள்ளைகள் கொட்டகைக்கு வெளியே காத்து நின்றார்கள். இதிலே எவருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததென்று நாம் சொல்லவில்லை. இடம் போதவில்லை, அவ்வளவுதான். ஆனால் நமக்கு அருகே நின்றிருந்த மூதாட்டி ஒருவர், அதே தோட்டத்தில் நாற்பது வருஷம் பால்மரம் சீவியவர், அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நம்மிடம், "ஏன் தம்பி, தோத்த பிள்ளைக்குப் பசிக்காதா?" என்று கேட்டார். நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று சொல்லக் கூடாமற்போன பதிலையே இக்கட்டுரையில் தேடிப் பார்க்க விரும்புகிறோம்.

கேள்வி யாதெனில், ஒரு மனிதனுக்குச் சமத்துவம் என்பது அவன் திறமைக்குக் கிடைக்கும் கூலியா, அல்லது அவன் மனிதனாயிருப்பதாலேயே அவனுக்கு உரியதா என்பதாகும். கேட்டவுடன் எல்லோரும் பின்னதையே சொல்வார்கள். ஆனால் நடைமுறையில் நம்மில் பெரும்பாலோர் முன்னதைத்தான் நம்புகிறோம். பெரியவருடைய புத்திமதியில் நமக்குத் தவறு ஒன்றும் தெரியாததற்குக் காரணமும் இதுவே. ஆகவே வெறும் தர்க்கமாகப் பேசாமல், உண்மையில் வாழ்ந்த சிலருடைய வாழ்க்கையை வைத்து இக்கேள்வியை ஆராய்வதே நலம். அதற்கு விளையாட்டரங்கைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஏனெனில் திறமை கண்ணுக்கு நேரே தெரிவதும், எண்ணால் அளக்கப்படுவதும், எதிரியும் மறுக்க முடியாததுமான இடம் அது.

பம்பாயில் ஒரு காலத்தில் கிரிக்கெட் கோஷ்டிகள் மதத்தின் பேராலும் இனத்தின் பேராலும் பிரிந்திருந்தன. ஐரோப்பியர், பார்சிகள், ஹிந்துக்கள், முஸ்லிம்கள் என்னும் நான்கு கோஷ்டிகள் 1912 முதல் ஒரு போட்டியில் மோதின. 1937-இல் மற்றவர்கள் என்னும் பெயரால் ஐந்தாவது கோஷ்டி ஒன்றும் சேர்ந்தது. 1946-உடன் இப்போட்டி நின்றுபோயிற்று. இந்த ஹிந்து கோஷ்டிக்காக ஆடியவர்களில் பல்வங்கர் என்னும் குடும்பத்துச் சகோதரர் நால்வர் இருந்தனர். பாலு, சிவராம், விட்டல், கண்பத் என்பன அவர்கள் பெயர்கள். தோல்வேலை செய்யும் சமார் வகுப்பில் பிறந்தவர்கள். அதாவது, ஹிந்துக்கள் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிவைத்தவர்கள். ஹிந்துவின் வீட்டுத் திண்ணையில் ஏறக்கூடாதவர்கள், ஹிந்துக்களின் மானத்தைக் காக்கக் களத்தில் இறங்கினார்கள் என்பது இக்கதையின் தொடக்கத்திலேயே உள்ள விந்தை.

மூத்தவராகிய பாலு 1876-இல் தார்வாரில் பிறந்தவர். தகப்பனார் பூனாவில் ராணுவத்தில் சிற்றூழியம் செய்தார். அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டையையும் பந்தையும் வைத்துப் பிள்ளைகள் ஆடக் கற்றுக்கொண்டார்கள். பாலுவுக்குக் கிடைத்த முதல் வேலை, பார்சிகளின் கிரிக்கெட் சங்கத்தில் மாதம் 3 ரூபாய்க்கு ஆடுதரையைக் கூட்டிப் பெருக்கி உருளை இழுப்பது. பிறகு பூனாவின் ஐரோப்பியர் சங்கத்தில் 4 ரூபாய்ச் சம்பளம். அங்கே கிரெய்க் என்னும் ஆங்கிலேயர் மட்டை பழகுவதற்கு இவர் பந்து வீசினார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் அவர் எட்டணா கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. எட்டணாவுக்காக வீசிய கை, நாளடைவில் இந்தியாவின் தலைசிறந்த இடக்கைப் பந்துவீச்சாளரின் கையாயிற்று.

ஆனால் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணிக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் பந்து வீசிய அந்த இளைஞரின் கையில் ஒருநாளும் மட்டை கொடுக்கப்படவில்லை. பந்து வீசுவது உழைப்பு; உழைப்பைக் கூலிக்கு வாங்கலாம். மட்டை பிடிப்பது இன்பம். அது துரைமாருக்கும் செல்வர்க்கும் உரியது. இங்கே நம் தோட்டத்திலே உளியும் வாளியும் ஒரு கைக்கும், கணக்குப் புத்தகம் மற்றொரு கைக்கும் என்று பிரித்து வைத்திருந்தார்களே, அதைப் போன்றதுதான் இதுவும். கருவியிலே உயர்வு தாழ்வு இல்லை. அதைத் தொடும் கையைப் பொறுத்தே கருவிக்கு உயர்வும் தாழ்வும் கற்பிக்கப்பட்டன.

பூனாவின் ஹிந்துக்களுக்கு ஐரோப்பியரைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசை வந்தபோது பாலுவின் நினைவு வந்தது. அவர் தொட்ட பந்தைத் தாமும் தொட அவர்கள் இசைந்தார்கள். ஆனால் தேநீர் வேளையில் மற்ற ஆட்டக்காரர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலுவுக்கு வெளியே மண்குவளையில் கொடுக்கப்பட்டது. சாப்பாடும் தனியே. பந்து தீட்டுப்படவில்லை, கோப்பை தீட்டுப்பட்டது! ஒரே கை, ஒரே நாள், ஒரே திடல். இடையிலே மாறியது என்ன? களத்திலே அவர் பயன்பட்டார். பந்தியிலே அவர் பயன்படவேண்டிய தேவை இல்லை. ஆதலின் தீட்டு என்பது சாஸ்திரத்தைவிடத் தேவையைப் பொறுத்த விஷயம் என்பது இதனால் வெளிப்படுகிறது. அக்காலத்திலேயே நீதிபதி ரானடே போன்ற சீர்திருத்தக்காரர்கள் பாலுவை வெளிப்படையாகப் பாராட்டி, இந்த வேறுபாட்டைக் கண்டித்தார்கள் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

1906-இல் பம்பாயில் ஹிந்து கோஷ்டி ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றது. பாலுவும் சிவராமும் அந்த வெற்றியில் பெரும்பங்கு கொண்டார்கள். 1911-இல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்தியக் கோஷ்டி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. ஆனால் அந்தத் தோல்விகளுக்கிடையே பாலு மட்டும் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். தலைவராயிருந்த மகாராஜாவுக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. பாலுவுக்கு முப்பத்தைந்து வயது. அனுபவத்தால் முதிர்ந்த ஆட்டக்காரர். ஆயினும் ஊர் திரும்பிய பிறகும் ஹிந்து கோஷ்டியின் தலைமை அவருக்குக் கொடுக்கப்படவேயில்லை. ஆண்டுதோறும் வேறொருவர் தலைவராவார். பாலு பந்து வீசுவார்.

இந்நிலையிலேதான் தம்பி விட்டல் வளர்ந்து வந்தார். அண்ணனுக்கு மறுக்கப்பட்ட மட்டையை இவர் எடுத்தார். எடுத்ததோடு நில்லாமல், அக்கோஷ்டியின் முதல்தரமான மட்டையாட்டக்காரர்களில் ஒருவர் என்று எவரும் ஒப்புக்கொள்ளும்படி ஆடினார். 1920-இல் கோஷ்டித் தலைவர் பாய் என்பவர் உடல்நலக் குறைவால் வர இயலாமற்போயிற்று. அடுத்து தலைமைக்கு உரியவர் பல்வங்கர்களில் ஒருவரே என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் தேர்வாளர்கள் தேவதர் என்னும் பிராமண இளைஞரைத் தலைவராக்கியதோடு, பாலுவைக் கோஷ்டியிலிருந்தே நீக்கினார்கள். அப்போது விட்டலும் சிவராமும் ஆடமாட்டோம் என்று பகிரங்கமாகச் சொல்லி விலகினார்கள். தாங்கள் திறமைக் குறைவால் ஒதுக்கப்படவில்லை, பிறப்பால் ஒதுக்கப்பட்டோம் என்பதே அவர்கள் கூற்று. ஊரில் கிளர்ச்சி எழுந்தது. அடுத்த ஆட்டத்துக்குப் பாலு துணைத் தலைவராகத் திரும்ப அழைக்கப்பட்டார். உடல்நலம் தேறி வந்த பாய், வேண்டுமென்றே களத்தைவிட்டுச் சிறிது நேரம் விலகியிருந்து, பாலு தலைமை தாங்க வழி செய்தார். 1923-இல் விட்டலே தலைவரானார். அவ்வாண்டுக் கோப்பை ஹிந்துக்களுக்குக் கிடைத்தது. உயர்ந்த ஜாதியார் எனப்பட்டவர்கள் அந்தத் தீண்டப்படாத தலைவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இக்கதையைப் பலரும் இந்த இடத்திலேயே முடித்துவிடுகிறார்கள். பார்த்தீர்களா, திறமை வென்றது, ஜாதி தோற்றது என்று மகிழ்கிறார்கள். நாமும் அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்கிறோம். விட்டலின் மட்டையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் அந்தத் தோளூர்வலம் கலைந்த பிறகு என்ன நடந்தது என்று கேட்பது நம் கடமை. தூக்கிச் சென்ற தோள்கள் வீடு திரும்பின. அந்த வீடுகளின் வாசலுக்கு மறுநாள் காலை சேரியிலிருந்து செருப்புத் தைக்க வந்தவர், திண்ணைக்கு எட்டத்தான் நின்றிருப்பார். அவருக்கு மட்டை பிடிக்கத் தெரியாது. விட்டல் அடித்த ஓட்டம் எதுவும் அவர் கணக்கில் சேரவில்லை.

இங்கே இரண்டு அநீதிகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது. ஒன்று, தலைமை மறுக்கப்பட்டது. மற்றொன்று, தேநீர்க் கோப்பை மறுக்கப்பட்டது. முன்னது திறமைக்குச் செய்த அநீதி; தலைமை தாங்கத் தகுதி படைத்த ஒருவனையே அது பாதிக்கும். பின்னது மனிதத்தன்மைக்குச் செய்த அநீதி. ஆடத் தெரிந்தவனையும் தெரியாதவனையும், அறிஞனையும் பேதையையும் ஒருங்கே பாதிக்கும். 1923-இல் நீங்கியது முதல் அநீதி. அதுவும் ஒரே ஒருவர் மட்டில் நீங்கியது. ஆனால் இரண்டும் நீங்கிவிட்டதாக ஜனங்கள் எண்ணிக்கொண்டார்கள். ஒருவனுக்குத் தலைமை கொடுத்த திருப்தியில், லட்சம் பேருக்குக் கோப்பை கொடுக்காததை மறந்தார்கள். இம்மறதியே பெரியவருடைய புத்திமதியிலும் மறைந்திருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

நிற்க. திறமையைக் காட்டினால் கதவு திறக்கும் என்பதாவது முழு உண்மையா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே பேஸ்பால் என்னும் ஆட்டம் நாட்டின் பெருமைக்குரியது. அதில் மட்டையாட்டக்காரனின் சிறப்பை, ஆயிரம் தடவை மட்டை பிடித்தால் எத்தனை தடவை வெற்றியடி அடிப்பான் என்ற கணக்கால் அளப்பார்கள். 1905 முதல் 1928 வரை ஆடிய டை காப் என்னும் வெள்ளையர், ஆயிரத்துக்கு 367 என்ற விகிதத்துடன் பல தலைமுறைகளாக முதலிடத்தில் இருந்தார். ஆனால் அவர் ஆடிய காலம் முழுவதும் கறுப்பர்கள் அப்பெரிய ஆட்டங்களில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் தனியே தங்களுக்கென்று கோஷ்டிகள் அமைத்து ஆடினார்கள். அவர்களில் ஜோஷ் கிப்சன் என்பவர் 1930 முதல் 1946 வரை ஆடியவர். அவருடைய அடியின் வலிமையைக் கண்டவர்கள் வெள்ளையரிலும் இருந்தனர், ஐயப்பட்டவர் எவருமில்லை. ஆயினும் கதவு திறக்கவில்லை. 1947 ஜனவரியில் தம் முப்பத்தைந்தாம் வயதில் அவர் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பர் முதன்முதலாக அப்பெரிய அரங்கில் இறங்கினார். மூன்று மாதம்கூடப் பொறுக்கவில்லை கிப்சனின் உயிர்.

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், கறுப்பர் கோஷ்டிகளின் கணக்கையும் அமெரிக்கர் தங்கள் பொதுக்கணக்கில் சேர்த்தார்கள். சேர்த்துப் பார்த்தபோது கிப்சனின் விகிதம் ஆயிரத்துக்கு 372 என்று தெரிந்தது. டை காப் இரண்டாமிடத்துக்கு இறங்கினார். இறந்து எழுபத்தேழு ஆண்டுக்குப் பிறகு கிப்சனுக்கு முதலிடம்! கணக்கைத் திருத்தியது நல்ல செயலே. அதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் திருத்தப்பட்டது ஏடு மட்டுமே. கறுப்பர் என்பதற்காக மூடப்பட்ட விடுதிக் கதவுகளும், பின்வாசல் வழியாகக் கொடுக்கப்பட்ட உணவும் அந்த ஏட்டில் ஏறவில்லை, ஏறவும் முடியாது. உலகத்திலேயே முதல்வனாகத் தகுந்த திறமையும் ஒருவனுக்குக் கதவைத் திறக்கவில்லை என்றால், சராசரித் திறமையுடைய பிள்ளையிடம் போய், நீ திறமையைக் காட்டு, எல்லாம் சரியாகும் என்று சொல்வது எவ்வளவு பொறுப்பற்ற பேச்சு என்பதை வாசகர்களே யோசிப்பார்களாக.

இனி, நமக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் பார்க்க வேண்டும். திறமைக்கு மதிப்பே வேண்டாம் என்கிறீர்களா, முயன்றவனையும் முயலாதவனையும் ஒன்றாக வைப்பதா என்று சிலர் கேட்கலாம். அப்படி நாம் சொல்லவில்லை. களத்தில் திறமையே சட்டம். அங்கே அரசனாயினும் விலகித்தான் நிற்கவேண்டும். 1932-இல் இந்தியா முதன்முதலாக இங்கிலாந்தில் டெஸ்ட் பந்தயம் ஆடியபோது, கோஷ்டித் தலைவராகச் சென்றவர் போர்பந்தர் மகாராஜா. ஆனால் லார்ட்ஸ் மைதானத்தில் அவர் தாமாக விலகி நின்றார், சி. கே. நாயுடு தலைமை தாங்கினார். அது சரியான செயல். அதே கோஷ்டியில் நம் கோலாலம்பூரில் 1909-இல் பிறந்த லால் சிங்கும் இருந்தார். அந்த ஆட்டத்தில் அவர் அமர்சிங்குடன் சேர்ந்து எட்டாவது விக்கெட்டுக்கு 74 ஓட்டங்கள் சேர்த்ததை இந்நாட்டார் இன்றும் பெருமையோடு நினைக்கலாம். பந்தயத்தில் முன்பின் உண்டு. பரிசிலும் முன்பின் உண்டு. அவற்றை எவரும் எடுத்துவிடச் சொல்லவில்லை.

நாம் சொல்வது வேறு. களத்தின் சட்டம் களத்தின் எல்லைக்கோட்டோடு நிற்கவேண்டும். தண்ணீர், உணவு, உட்காரும் இடம், மரியாதையாக அழைக்கப்படும் பெயர், நேராக நடந்து செல்லும் வழி ஆகிய இவை பரிசுகள் அல்ல. இவற்றுக்குத் தகுதி தேடவேண்டியதில்லை. தகுதி கேட்பதே குற்றம். தலைமையைத் திறமைப்படி கொடுங்கள். தேநீரைத் தாகத்தின்படி கொடுங்கள். இவ்விரண்டையும் குழப்பினால் இரண்டும் கெடும். பூனாவில் தேநீரைப் பிறப்பின்படி கொடுத்தார்கள். அந்தப் பழக்கமே முற்றித் தலைமையையும் பிறப்பின்படி கொடுக்கவைத்தது. கோப்பையில் தொடங்கிய கோணல் கோஷ்டியில் போய் முடிந்தது.

உயர்ந்த ஓர் உதாரணம் மற்றவர்களுக்கு வழிகாட்டாதா என்று மற்றொரு கேள்வி வரலாம். காட்டும், மெய்தான். இளமையில் அம்பேத்கரும் பாலுவைத் தம் மக்களின் பெருமையாக எண்ணியவரே. ஆனால் பிற்காலத்தில் இருவரும் வெவ்வேறு வழியில் போனார்கள். 1937-இல் பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலில் காங்கிரசின் வேட்பாளராகப் பாலு நின்று, அம்பேத்கரிடம் தோற்றார். ஒருவரை உயர்த்தி மற்றொருவரைத் தாழ்த்துவது நம் நோக்கமன்று. களத்தில் எதிரிகளின் மனத்தையே மாறச்செய்த அனுபவம் பாலுவுக்கு இருந்தது. ஆகையால் நாளடைவில் எல்லாருடைய மனமும் மாறும் என்று அவர் நம்பியிருந்தால் அதில் வியப்பில்லை. அம்பேத்கருக்கும் திறமைக்குக் குறைவில்லை. கொலம்பியாவில் பட்டம் பெற்று லண்டனிலும் படித்தவர். அப்படியிருந்தும் பரோடாவில் உத்தியோகத்துக்குப் போனபோது தங்க இடமின்றித் துரத்தப்பட்டார். தம் பட்டங்களே தமக்கு ஓர் அறையைப் பெற்றுத் தராதபோது, பட்டமில்லாத கோடிக்கணக்கானவர்களின் கதி என்ன என்ற கேள்வி எழுகிறது. ஆதலால் அவர் பாராட்டுக்குக் காத்திராமல் உரிமையைச் சட்டமாக்கப் பாடுபட்டார். பாராட்டு, கொடுப்பவன் மனம்போனபடி நிற்கும், போகும். உரிமையோ கொடுப்பவனுடைய தயவைச் சார்ந்ததன்று.

இது நம் ஊருக்குப் புதிய பாடமன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்தை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதற்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர். அவரை அரசாங்கம் கைதுசெய்து நாடு கடத்திற்று, பட்டாளம் வந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அந்தத் தொழிலாளர்கள் கேட்டவற்றில் கூலி உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதே அது.

அந்தக் கோரிக்கையை நாம் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறோம். அதிகப் பால் இறக்குகிறவர்கள் மட்டும் சைக்கிளில் போகலாம் என்று அவர்கள் கேட்கவில்லை. நாங்கள் இவ்வளவு திறமையாக மரம் சீவுகிறோம், அதற்குப் பரிசாக எங்களை இறங்காமல் போகவிடுங்கள் என்றும் கேட்கவில்லை. சீவத் தெரிந்தவன், தெரியாதவன், பெரட்டுக்கு முதலில் வருகிறவன், கடைசியில் வருகிறவன் எல்லோருக்குமாகவே கேட்டார்கள். படிக்காதவர்கள் என்று நாம் எண்ணும் அந்த மக்கள், சமத்துவம் என்னும் சொல்லின் பொருளை நம்மினும் தெளிவாக அறிந்திருந்தார்கள். சைக்கிளில் நேராகச் செல்வதற்கு மனிதனாயிருப்பதைத் தவிர வேறு தகுதி வேண்டியதில்லை என்பதை அவர்கள் தங்கள் உயிரைக் கொடுத்து எழுதிவைத்தார்கள்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு நாம் இன்று என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? தேர்வு முடிவு வெளிவரும் நாளில், தோட்டத்துப் பிள்ளை ஒன்று பல பாடங்களில் முதல்தரம் பெற்றால் படம் போட்டு மாலையிட்டு மகிழ்கிறோம். மகிழவேண்டியதுதான். ஆனால் அதே வாயால், அதே லயத்தில் பிறந்து தேர்வில் தோற்ற பிள்ளையைப் பார்த்து, அவன் ஏறவில்லையா, உனக்கென்ன கேடு என்கிறோம். வென்றவனை எடுத்துக்காட்டித் தோற்றவனை அடிக்கும் தடியாக வைத்துக்கொள்கிறோம். இத்தடியை முதலில் எடுத்தவர்கள் நாமல்லர். விட்டல் முன்னேறினாரே, மற்றவர்கள் ஏன் முன்னேறவில்லை என்று கேட்டால் தங்கள் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணியவர்கள் கையில் அது முன்னமே இருந்தது. ஒருகாலத்தில் லயத்திலேயே ஜாதிக்கொரு வரிசை பிரித்துக் குடியிருந்தவர்கள் நாம். அந்த வரிசைகள் இடிந்துபோன இடத்தில், வென்றவர் வரிசை தோற்றவர் வரிசை என்று புதிய சுவர் எழுப்புவோமானால், இடித்ததனால் என்ன பயன்?

விட்டலுடைய வாழ்க்கையில் நாம் பெரிதாக மதிப்பது 1923-இன் கோப்பையைவிட 1920-இன் மறுப்பையே. கோப்பையைப் பெற்ற நாளில் அவர் கோஷ்டியின் தலைவர். ஆடமாட்டேன் என்று விலகிய நாளில் அவர் தம் தமையனுக்காகத் தம் ஆட்டத்தையே இழக்கத் துணிந்த மனிதர். தமக்கு இடமிருந்தும், தமையனுக்கு இடமில்லாத பந்தியில் அவர் உட்கார மறுத்தார். வென்றவன் செய்யக்கூடிய பேருதவி அதுதான். முதற்பந்தியில் இடம் பெற்ற பிள்ளைக்கு நாம் சொல்லிக்கொடுக்கவேண்டியதும் அதுதான்: உன் பரிசை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள், ஆனால் வெளியே நிற்கிறவனுக்கு இடம் விட்டாயா என்று திரும்பிப் பார்.

மூதாட்டியின் கேள்விக்கு இப்போது நமக்குப் பதில் தெரிகிறது. தோற்ற பிள்ளைக்கும் பசிக்கும், அம்மா. பசிக்கு முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. அடுத்த ஆண்டு அந்தத் திடலில் விழா நடக்கும்போது கொட்டகையை இன்னும் பத்தடி நீட்டிப் போட்டால் போதும், எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்காரலாம். அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அதை ஏற்றுக்கொள்ள நாம் ஆயத்தமாயிருக்கிறோம் என்று விழா நடத்துவோருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டோம். புத்திமதி கூறிய பெரியவரையும் அந்தப் பந்தியிலே, பரிசு வாங்காத பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரவைக்க வேண்டும் என்பது நம் விருப்பம். அவர் மறுக்கமாட்டார் என்றே நம்புகிறோம்.